பேரிடர் தடயவியல் தொடர்களில் எவ்வளவு நிஜம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானம் விழுகிறது, கட்டடம் சரிகிறது, சுரங்க ரயில் நிலையத்தில் தீப்பிடிக்கிறது. அடுத்த காட்சியில் தடயவியல் குழு வந்து இறங்குகிறது. இறந்தவர்கள் யார், எப்படி நடந்தது, யார் செய்தது என்ற மூன்று கேள்விக்கும் முக்கால் மணி நேரத்தில் பதில் வந்துவிடுகிறது. இந்த வகைத் தொடர்களைப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கருவிகளையும் ஆய்வகத்தையும் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டுவது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. எதையும் உடனே, சந்தேகமே இல்லாமல் சொல்லிவிட முடியும் என்று காட்டுவதுதான் குறை. அப்படிச் சொல்லிவிட்டதால் நிஜத்தில் கெட்டுப்போன வாழ்க்கைகள் இருக்கின்றன. கீழே சில வரும்.

பேரிடர் நடந்த இடத்தில் தடயவியல் குழு முதலில் தேடுவது குற்றவாளியையா?

இல்லை. உயிரோடு இருப்பவர்களை மீட்டு முடித்தபின் முதல் வேலை, இறந்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடிப்பது. இதற்கு இன்டர்போல் 1984ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதைத் திருத்தித் திருத்தி இன்றுவரை பல நாடுகள் பின்பற்றுகின்றன. வேலை நான்கு கட்டமாக நடக்கும். சம்பவ இடத்தில் உடல்களையும் உடற்பாகங்களையும் எண்ணிட்டு எடுப்பது ஒன்று. பிணவறையில் பரிசோதித்து விவரம் பதிவது இரண்டாவது. காணாமல் போனவர்களின் குடும்பங்களிடமிருந்து உயிரோடு இருந்தபோதுள்ள விவரங்களைத் திரட்டுவது மூன்றாவது. கடைசியில் இரண்டு பக்கத்து விவரங்களையும் பொருத்திப் பார்ப்பது. குடும்பத்திடம் வாங்கும் விவரம் மஞ்சள் படிவத்தில், பிணவறை விவரம் இளஞ்சிவப்புப் படிவத்தில். மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஓர் எண்ணுக்குப் பெயர் கிடைக்கும்.

தொடர்களில் இந்த நாலாவது கட்டம் அநேகமாக வருவதே இல்லை. எனக்கு இது பெரிய ஏமாற்றம். ஒரு மேசையைச் சுற்றிப் பல் மருத்துவர், கைரேகை நிபுணர், மரபணு நிபுணர், நோயியல் மருத்துவர் எல்லாரும் உட்கார்ந்து, "இது இவர்தான் என்று கையெழுத்துப் போடலாமா?" என்று ஒவ்வொன்றாக முடிவு செய்யும் இடம் அது. ஒரு கதாசிரியருக்கு வேறு என்ன வேண்டும்?

உறவினர் வந்து முகத்தைப் பார்த்து "ஆமாம், இவர்தான்" என்று சொல்லும் காட்சி நிஜமா?

பெரிய பேரிடரில் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதுதான் விதி. கைரேகை, பல், டிஎன்ஏ ஆகிய மூன்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். மச்சம், பச்சை குத்தியது, உடை, நகை, சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டை எல்லாம் துணைச் சான்றுகள். பக்கத்தில் கிடந்த பை வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

முகம் இன்னும் மோசமாக ஏமாற்றும். வீக்கம், காயம், தீ, நீர் எல்லாம் முகத்தை மாற்றிவிடும். அதிர்ச்சியில் இருப்பவரின் மனமோ எப்படியாவது முடிவுக்கு வந்துவிடத் துடிக்கும். 2002 அக்டோபரில் பாலியில் நடந்த குண்டுவெடிப்பில் 202 பேர் இறந்தார்கள். தொடக்கத்தில் பார்த்து அடையாளம் சொல்லப்பட்ட சில உடல்கள் வேறு ஆட்களுடையவை என்று பின்னால் தெரிந்தது. 2006ல் அமெரிக்காவின் இண்டியானாவில் நடந்த சாலை விபத்து இன்னும் கொடுமை. உருவ ஒற்றுமை கொண்ட இரண்டு மாணவிகள். ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் முகமெல்லாம் கட்டுடன் மருத்துவமனையில் இருந்தார். பிழைத்தவர் தங்கள் மகள்தான் என்று நம்பி ஒரு குடும்பம் ஐந்து வாரம் படுக்கை அருகிலேயே இருந்தது. இன்னொரு குடும்பம், உயிரோடு இருக்கும் தங்கள் மகளுக்கு இறுதிச் சடங்கே செய்துவிட்டது. உண்மை தெரிந்தபோது ஒரு வீட்டில் துக்கம் அப்போதுதான் தொடங்கியது.

அதனால் பிணவறைத் துணியை விலக்கியதும் தாய் அலறும் காட்சியைப் பார்க்கும்போது நடிப்பைப் பாராட்டுங்கள், நடைமுறையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிஎன்ஏ முடிவு சில மணி நேரத்தில் வருமா?

ஒரு மாதிரியைப் பகுத்தெடுப்பது இப்போது வேகமாகிவிட்டது, அது உண்மைதான். 2018ல் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை எரித்த காட்டுத்தீயில் 85 பேர் இறந்தார்கள். அங்கே சம்பவ இடத்துக்கு அருகிலேயே விரைவு டிஎன்ஏ கருவிகளை வைத்து வேலை செய்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மாதிரியின் விவரம் கிடைத்துவிடும்.

ஆனால் விவரம் கிடைத்தால் மட்டும் பெயர் கிடைத்துவிடாது. ஒப்பிட இன்னொன்று வேண்டும். இறந்தவர் பயன்படுத்திய பல் துலக்கி, சீப்பு, அல்லது பெற்றோர், பிள்ளைகளின் மாதிரி. குடும்பமே சேர்ந்து போய்விட்டால் ஒப்பிட யாரைத் தேடுவது? திரையில் கணினி "பொருந்துகிறது" என்று ஒளிரும்போது இந்தக் கேள்வி யாருக்கும் வருவதில்லை.

அடுத்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே தெரியுமா என்பது. விமானத்தில் பயணிகள் பட்டியல் இருக்கும், எல்லை கட்டிய கணக்கு. சந்தையிலோ கடற்கரையிலோ நடந்தால் யார் இருந்தார்கள் என்பதே தெரியாது. பட்டியல் இருந்தும் முடியாத வழக்குகள் உண்டு. 2014 ஜூலை 17 அன்று உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானத்தில் 298 பேர் இருந்தார்கள். 296 பேர் அடையாளம் காணப்பட்டார்கள், இருவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் இறந்தவர்கள் 2,753 பேர். அங்கே மீட்கப்பட்ட உடற்பாகங்கள் சுமார் 22,000. நெருப்பு, தண்ணீர், மாதக்கணக்கில் இடிபாடுகளுக்குள் கிடந்தது எல்லாம் சேர்ந்து டிஎன்ஏவைச் சிதைத்துவிட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சுமார் 1,100 பேர் அடையாளம் காணப்படவில்லை. நகரின் மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் வேலையை நிறுத்தவில்லை. புதிய முறை வரும்போதெல்லாம் பழைய எலும்புத் துண்டை மறுபடி எடுத்துச் சோதிக்கிறார்கள், அவ்வப்போது ஒரு பெயர் கிடைக்கிறது. அங்கே வேலைக்குச் சேரும் இளம் விஞ்ஞானிகளில் சிலர் அந்தச் சம்பவத்தின்போது குழந்தைகளாக இருந்திருப்பார்கள். இதை வைத்து ஒரு முழுத் தொடர் எடுக்கலாம்.

பல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

உடலிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். தீயையும் நீரையும் நன்றாகத் தாங்கும். அடைத்த பல், பிடுங்கிய பல், வேர் சிகிச்சை எல்லாம் மருத்துவரிடம் பதிவாகியிருக்கும். 2004 சுனாமியில் தாய்லாந்தில் ஐயாயிரத்துக்கு மேல் இறந்தார்கள், அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட வெளிநாட்டுப் பயணிகள். முதல் மாதங்களில் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு உதவியது பல் பதிவுதான். ஆனால் வாழ்நாளில் பல் மருத்துவரிடமே போகாதவருக்கு இந்த வழி இல்லை. ஏழை, பணக்காரர் வித்தியாசம் பிணவறை வரைக்கும் வருகிறது என்பதைத் தொடர்கள் காட்டினால் நன்றாக இருக்கும்.

எரிந்த உடலின் கைகள் குத்துச்சண்டை வீரரைப் போல மடங்கியிருந்தால், அவர் யாரையோ தடுத்துப் போராடினார் என்றுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. வெப்பத்தில் தசைகள் சுருங்கும். கையை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. அதனால் முழங்கை மடங்கி, முஷ்டி இறுகி, அந்தத் தோற்றம் தானாக வரும். இறந்த பிறகு எரிந்தாலும் வரும். மண்டை ஓட்டு வெடிப்பையும் அப்படியே அடி என்று சொல்லிவிட முடியாது, கடும் வெப்பமே எலும்பை விரிசல் விட வைக்கும்.

பிணப் பரிசோதனையில் உண்மையில் தேடுவது வேறு. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கிறதா, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்ப்பார்கள். இருந்தால் தீப்பிடித்தபோது அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள். இல்லாவிட்டால் அதற்கு முன்பே இறந்திருக்கலாம், அல்லது சட்டென்று மூண்ட நெருப்பில் மூச்சிழுக்கவே நேரம் கிடைக்காமல் இருந்திருக்கலாம். ஒரு நல்ல மருத்துவர் இந்த இரண்டாவது வாய்ப்பையும் சொல்வார்.

தரையில் இருக்கும் கருகல் தடத்தைப் பார்த்தே பெட்ரோல் ஊற்றினார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

தொடர்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் காட்சிதான், ஏனென்றால் நிஜ விசாரணையாளர்களும் வெகுகாலம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தரையில் குட்டை குட்டையாகக் கருகல் இருந்தால் எரிபொருள் ஊற்றியது. ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தால் தீ அசாதாரண வேகத்தில் பரவியது. இவையெல்லாம் அனுபவசாலிகள் சொல்லிச் சொல்லி வழிவந்த நம்பிக்கைகள், யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

1991ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. அங்கே யாரும் பெட்ரோல் ஊற்றவில்லை என்று தெரிந்த வீடுகளிலும் அந்தச் சிலந்தி வலைக் கண்ணாடி கிடந்தது. சூடான கண்ணாடியில் தீயணைப்புத் தண்ணீர் பட்டால் அப்படி விரிசல் விடும் என்று பின்னர் ஆய்வகத்தில் காட்டினார்கள். இரண்டாவது, புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு வீட்டுத் தீயில் ஆறு பேர் இறந்த வழக்கு. உயிர்தப்பிய குடும்பத் தலைவர் மீது கொலைக் குற்றச்சாட்டு. அரசுத் தரப்பு நிபுணர்கள் பக்கத்திலிருந்த அதே மாதிரியான வீட்டில் அதே போலச் சாமான்களை வைத்து, எரிபொருள் எதுவும் ஊற்றாமல் சோபாவுக்கு மட்டும் தீ வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. எரிந்து முடிந்தபோது பெட்ரோல் ஊற்றியது போன்ற அதே தடங்கள். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஓர் அறை அப்படி மொத்தமாகப் பற்றிவிட்டால் அதன்பின் தரைத் தடத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அந்தத் துறைக்கே புதிய பாடம். 1992ல் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தீ விசாரணைக்கான அறிவியல் வழிகாட்டியை வெளியிட்டது.

எல்லாருக்கும் அந்தப் பாடம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. டெக்சாஸில் 1991 டிசம்பரில் மூன்று பெண் குழந்தைகள் இறந்த வீட்டுத் தீக்காக அவர்களின் தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்கு மரண தண்டனை விதித்தார்கள். தரைத் தடமும் விரிசல் விட்ட கண்ணாடியும் சான்றுகளில் இடம்பெற்றன. 2004ல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பின்னர் அந்த வழக்கை ஆராய்ந்த தீ நிபுணர்கள், தீ வைக்கப்பட்டது என்பதற்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்றார்கள். திரையில் நாயகன் முழங்காலிட்டு, தரையைத் தடவி, "இங்கேதான் ஊற்றியிருக்கிறார்கள்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வரும்.

கணினியில் விபத்தை அப்படியே ஓட்டிக் காட்டுவது?

ஓட்டிக் காட்டலாம். அதை நம்பலாமா என்பதை வெளியில் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் விழுந்த தீக்குச்சி, அங்கே சேர்ந்திருந்த கிரீஸ் படிந்த குப்பையைப் பற்றவைத்தது. சிறிய தீயாக இருந்தது திடீரென்று டிக்கெட் கூடத்துக்குள் பாய்ந்து 31 பேரைக் கொன்றது. ஏன் பாய்ந்தது என்று யாருக்கும் புரியவில்லை. கணினி மாதிரி, தீச்சுவாலை மேலே எழாமல் எஸ்கலேட்டரின் சாய்ந்த பள்ளத்தோடு படுத்து ஓடும் என்று காட்டியது. நிபுணர்களே நம்பவில்லை, மென்பொருளில் தப்பு இருக்கும் என்றார்கள். சிறிய அளவில் அசல் மாதிரி செய்து எரித்துப் பார்த்தபோது தீ அப்படியே படுத்து ஓடியது.

தொடராக இருந்தால் கணினி காட்டியதோடு கதை முடிந்திருக்கும். சந்தேகப்பட்டு எரித்துப் பார்த்த பகுதிதான் எனக்கு அதைவிடச் சுவாரசியம். இந்தத் தீயில் இறந்த ஒருவரின் பெயர் 2004ல்தான், பதினாறு ஆண்டு கழித்துத்தான், தெரியவந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருப்புப் பெட்டி கிடைத்ததும் உண்மை தெரிந்துவிடுமா?

பெட்டி ஆரஞ்சு நிறம், அதை இப்போது நிறைய தொடர்கள் சரியாகக் காட்டுகின்றன. கிடைப்பதே சில நேரம் பெரும்பாடு. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் 228 பேருடன் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் பதிவுக் கருவிகள் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து 2011 மே மாதம் எடுக்கப்பட்டன. இறுதி அறிக்கை 2012 ஜூலையில் வந்தது.

விமானி அறைக் குரல்பதிவைக் கூட்டமாக நின்று கேட்கும் காட்சியும் தவறு. ஒரு சிறு குழு மூடிய அறையில் கேட்டு எழுத்தாக்கும். அமெரிக்காவில் அந்த ஒலியை விசாரணை வாரியம் வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது, எழுத்து வடிவம் மட்டும் வெளிவரும். சாகப்போகிறவர்களின் குரல் பொழுதுபோக்காகிவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. தொடர் எடுப்பவர்களும் அதை மதிக்கலாம்.

சிதைவில் வெடிபொருள் தடயம் கிடைத்தால் குண்டு என்று உறுதியாகிவிடாதா?

1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே கடலில் விழுந்த டிடபிள்யூஏ 800 விமானத்தில் 230 பேர் இறந்தார்கள். சில துண்டுகளில் வெடிபொருளின் நுண்ணிய தடயம் கிடைத்தது. ஒரு தொடரில் அது விளம்பர இடைவேளைக்கு முந்தைய காட்சி, அடுத்து கைதுதான்.

நடந்தது வேறு. விமானத்தின் சுமார் 95 சதவீதத்தைக் கடலிலிருந்து எடுத்தார்கள். நடு உடலை ஒரு பெரிய கொட்டகையில் துண்டு துண்டாகச் சேர்த்து நிறுத்தினார்கள். குண்டு வெடித்தால் உலோகத்தில் விழும் குழிகள், சுருண்ட விளிம்புகள் எங்குமே இல்லை. குற்றச் செயலுக்கு ஆதாரமில்லை என்று எஃப்பிஐ 1997 நவம்பரில் தன் விசாரணையை முடித்துக்கொண்டது. 2000 ஆகஸ்டில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், நடு இறக்கையிலிருந்த எரிபொருள் தொட்டியில் ஆவி வெடித்ததே காரணம் என்றது. பெரும்பாலும் மின்சாரக் கோளாறால் தொட்டிக்குள் தீப்பொறி வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. "பெரும்பாலும்" என்ற சொல் அந்த அறிக்கைகளில் அடிக்கடி வரும். அந்தத் தடயம் எப்படி வந்தது என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை. பொருந்தாத ஒன்றைப் பொருந்தாதது என்றே எழுதிவைத்தார்கள்.

அப்படியானால் நகம் அளவு துண்டு வழக்கை உடைப்பதெல்லாம் கற்பனையா?

இல்லை. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மேல் குண்டு வெடித்துச் சிதறிய பான் ஆம் 103 விமானத்தில் 259 பேரும் தரையில் 11 பேரும் இறந்தார்கள். சிதைவுகள் 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவின. காவலர்களும் படையினரும் வயல் வயலாக நடந்து பொறுக்கினார்கள். ஒரு சட்டைத் துணியில் சிக்கியிருந்த சின்னஞ்சிறு மின்சுற்றுத் துண்டு வழக்கின் முக்கியச் சான்றானது. தீர்ப்பு வந்தது 2001 ஜனவரியில், பன்னிரண்டு ஆண்டு கழித்து. அந்தத் துண்டைப் பற்றிய வாதம் தீர்ப்புக்குப் பிறகும் ஓயவில்லை.

வில்லன் இல்லாமல் பேரிடர் தொடர் எடுக்க முடியுமா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். 1981 ஜூலை 17, கான்சாஸ் சிட்டியின் ஹயாத் ரீஜன்சி ஹோட்டலில் நடன நிகழ்ச்சி. கூடத்தின் மேலே இரண்டு நடைபாலங்கள், நான்காம் மாடியில் ஒன்று, அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் ஒன்று. இரண்டும் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. அவை இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இறங்கி மேல் பாலத்தைத் தாங்கி, அப்படியே கீழே போய்க் கீழ்ப் பாலத்தையும் தாங்கும். அவ்வளவு நீளத்துக்குக் கம்பியில் மரை வெட்டி நட்டைத் திருகி ஏற்றுவது சிரமம். அதனால் கம்பியை இரண்டாக்கினார்கள். கூரையிலிருந்து வரும் கம்பி மேல் பாலத்தோடு முடியும், மேல் பாலத்தின் உத்தரத்திலிருந்து இன்னொரு கம்பி கீழ்ப் பாலத்துக்குப் போகும். ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மேல் பாலத்தின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. கட்டட விதி கேட்ட பலத்தில் முதல் வடிவமைப்பே சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும், மாற்றிய பிறகு அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மாற்றம் இருந்த வரைபடத்தில் பொறியாளரின் முத்திரையும் விழுந்தது. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள், குற்றவியல் வழக்கு எதுவும் வரவில்லை.

குற்றமே நடந்திருந்தாலும் அது பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். 1996 மே மாதம் புளோரிடா சதுப்பு நிலத்தில் 110 பேருடன் விழுந்த வேல்யூஜெட் 592இன் சரக்கு அறையில் காலாவதியான ஆக்சிஜன் உற்பத்திக் குப்பிகள் இருந்தன. அவை தற்செயலாக இயங்கிச் சூடேறித் தீப்பிடிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு மூடிகள் மாட்டப்படவில்லை. ஆனால் பணி அட்டையில் வேலை முடிந்ததாகக் கையெழுத்து இருந்தது. சரக்குச் சீட்டில் "காலி" என்று எழுதியிருந்தது. முகமூடிக்காரனைவிட அந்தக் கையெழுத்து எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறது.

ஒரே ஆள் பிணமும் அறுத்து, உலோகமும் பார்த்து, சந்தேக நபரையும் விசாரிப்பாரா?

மாட்டார். விமான விபத்தில் பாதுகாப்பு விசாரணையும் காவல்துறை விசாரணையும் தனித்தனி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது.

ஆய்வகத்தில் தப்பே நடக்காதா?

நடக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சில் நாற்பது குற்றச் சம்பவங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. காவல்துறை வருடக்கணக்கில் அவளைத் தேடியது. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளே தயாரிப்பின்போது மாசுபட்டிருந்தன என்று 2009ல் தெரிந்தது, அப்படி ஒரு குற்றவாளியே இல்லை.

அவசரத்தால் வரும் தப்பு இதைவிடப் பெரிது. 2003 மே மாதம் துருக்கியின் டிராப்சோன் அருகே விழுந்த விமானத்தில் 62 ஸ்பானிய ராணுவத்தினர் இறந்தார்கள். சில நாளில் உடல்கள் நாடு திரும்பி அரசு மரியாதையும் நடந்தது. அதில் 30 உடல்கள் தவறான குடும்பங்களுக்குப் போயிருந்தன என்று பின்னர் டிஎன்ஏ சோதனை காட்டியது. 2009ல் ஸ்பெயின் நீதிமன்றம் பொறுப்பிலிருந்த ராணுவ மருத்துவ அதிகாரிகளைத் தண்டித்தது. "குடும்பங்கள் காத்திருக்கின்றன, சீக்கிரம்!" என்று மேலதிகாரி கத்தும் காட்சியைத் தொடர்கள் நாயகத்தனமாகக் காட்டுகின்றன. அந்த இடத்தில் "முடியாது" என்று சொல்பவர்தான் குடும்பங்களின் பக்கம் நிற்பவர்.

குடும்பங்களை இந்தத் தொடர்கள் சரியாகக் காட்டுகின்றனவா?

பெரும்பாலும் அழுவதற்கு மட்டும் காட்டுகின்றன. நிஜத்தில் விசாரணைக்கு அவர்கள் தரும் விவரம் இல்லாமல் எதுவும் நகராது. பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பார். எந்தப் பல் மருத்துவர்? எலும்பு முறிந்திருக்கிறதா? அறுவை சிகிச்சைத் தழும்பு எந்தப் பக்கம்? அன்று காலை போட்டிருந்த உள்ளாடை என்ன நிறம்? பதில் சொல்பவர் பாதிக் கேள்விக்கு நிகழ்காலத்தில் பதில் சொல்வார். திருத்தக் கூடாது.

அப்புறம் இன்னொரு கேள்வி உண்டு. நியூயார்க்கில் குடும்பங்களிடம், மேலும் உடற்பாகம் அடையாளம் காணப்பட்டால் ஒவ்வொரு முறையும் தெரிவிக்க வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டார்கள். சிலர் எப்போதும் சொல்லுங்கள் என்றார்கள், சிலர் இனிச் சொல்ல வேண்டாம் என்றார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒரு காட்சியை எந்த நடிகருக்கும் கொடுக்கலாம்.

உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று வரும் தொடர்களை நம்பலாமா?

எதை மாற்றினார்கள் என்று பார்த்து நம்பலாம். 2019இல் வந்த "செர்னோபில்" ஐந்து பாகத் தொடரில் உலானா கோம்யுக் என்ற விஞ்ஞானி பல பேரின் உழைப்பைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம், அதைத் தொடரின் முடிவிலேயே சொல்லிவிடுகிறார்கள். 1987 நீதிமன்றக் காட்சியில் விளக்கும் சோவியத் விஞ்ஞானி லெகாசோவ் உண்மையில் அந்த விசாரணைக்கு வரவில்லை. ஆனாலும் அணு உலை ஏன் வெடித்தது என்று அங்கே சொல்லப்படும் விளக்கம் அடிப்படையில் சரி. ஆளை மாற்றலாம், காரணத்தை மாற்றக் கூடாது. என் அளவுகோல் இதுதான்.

இதெல்லாம் வெறும் கதைதானே, யாரையாவது பாதிக்குமா?

சிஎஸ்ஐ என்ற அமெரிக்கத் தடயவியல் தொடர் 2000இல் தொடங்கிய பிறகு, ஜூரிகள் எல்லா வழக்கிலும் ஆய்வகச் சான்று கேட்கிறார்கள் என்ற புகார் அமெரிக்க நீதிமன்றங்களில் எழுந்தது. மிச்சிகனில் 2006ல் ஜூரிப் பணிக்கு வந்த சுமார் ஆயிரம் பேரைக் கேட்டபோது 46 சதவீதம் பேர் ஒவ்வொரு குற்ற வழக்கிலும் ஏதாவது அறிவியல் சான்று இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அதனால் மட்டும் குற்றவாளிகளை விடுவித்துவிடுகிறார்கள் என்பது அந்த ஆய்வில் நிரூபணமாகவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு மறுபக்கம்தான் கவலை. ஆய்வகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வு மன்றம் 2009ல் தந்த அறிக்கை, டிஎன்ஏ பகுப்பாய்வைத் தவிர வேறெந்தத் தடயவியல் முறையும் ஒரு தடயத்தை ஒரு குறிப்பிட்ட ஆளோடு உறுதியாக இணைக்கும் என்று கடுமையாகச் சோதித்து நிறுவப்படவில்லை என்றது.

நான் இப்படி ஒரு தொடர் எழுதுகிறேன். வேகமும் குறையக் கூடாது, நிஜமும் கெடக் கூடாது. எங்கே தொடங்கலாம்?

எண்ணிலிருந்து தொடங்குங்கள். பையில் இருப்பவருக்குப் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது. அந்த எண் எப்போது பெயராகும் என்பதே முதல் பாகத்தின் இழுவிசையாகப் போதும். ஆய்வகக் காத்திருப்பை வெட்டிவிடுங்கள், பரவாயில்லை. ஆனால் திரையில் "மூன்று வாரம் கழித்து" என்று போடுங்கள். ஒரு நிபுணராவது "தெரியவில்லை" என்று சொல்லட்டும், கதை அவரைத் திட்டாமல் இருக்கட்டும். முதலில் கிடைக்கும் அழகான விளக்கம் ஒருமுறையாவது சோதனையில் தோற்கட்டும். பிறகு அந்த மேசைக் காட்சியை எழுதுங்கள். மஞ்சள் படிவமும் இளஞ்சிவப்புப் படிவமும் எல்லாவற்றிலும் பொருந்துகின்றன, வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைத் தவிர. பிணவறைப் பதிவில் அந்தப் பல் இருக்கிறது, மருத்துவர் பதிவில் பிடுங்கியதாக இருக்கிறது. பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது. வெளியே ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஐந்து பேர். யார் முதலில் பேனாவைக் கீழே வைப்பது என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.